எதிர்க்கடைத் தண்ணீர்

பாய்,

இன்று காலை உங்கள் கடையின் பின்சுவரை இடித்தார்கள். பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் கரி பிடித்து நிற்குமே, அந்தச் சுவர். பொக்லைன் ஒரே இடியில் அதைச் சாய்த்தது. சோம்பும் பட்டையும் காய்ந்த எண்ணெயும் கலந்த வாசனை ஒன்று கிளம்பி, நான்கு வழிச் சாலையைத் தாண்டி என் அடுப்படிக்கே வந்துவிட்டது. இருபது வருடத்துக்கு மேலாக அந்தச் செங்கல்கள் குடித்த சால்னா. நான் சங்கரா மீன் அலசிக்கொண்டிருந்தேன். அப்படியே கையை எடுத்துவிட்டேன். இந்த வாசனையோடு எத்தனை நாள் சண்டை போட்டிருக்கிறேன்! என் கடையில் வந்து உட்கார்ந்தவன் மூக்கை உறிஞ்சிவிட்டு எழுந்து உங்கள் பக்கம் போயிருக்கிறான். அன்றைக்கெல்லாம் உங்களைத் திட்டாத திட்டு இல்லை. இன்று அதே வாசனை வந்தபோது அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அது ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று மத்தியானக் கூட்டம் கலைந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

கோட்டக்குப்பத்தில் உங்களை அடக்கம் செய்த அன்று என் வீட்டுக்காரர் மட்டும்தான் வந்தார். நான் வரவில்லை. உங்கள் கடைக்கு வந்து பூட்டைப் பார்த்துவிட்டு நின்றவர்களுக்கெல்லாம் அன்று யார் சோறு போடுவது? பஸ் டிரைவர்கள், லோடு ஏற்றுகிறவர்கள், மீன் ஏலத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தார்கள். "பாய் கடை ஏன்க்கா மூடியிருக்குது?" என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் சொல்லிக்கொண்டே பரிமாறினேன். ஒரே ஆளுக்கு இரண்டு தடவை ரசம் ஊற்றினேன். ஆனாலும் ஒருவரும் பசியோடு திரும்பிப் போகவில்லை. நான் உங்களுக்குச் செய்த மரியாதை அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் கடை திறந்த முதல் நாள் உங்களுக்கு நினைவிருக்கும். பெருமுக்கல் பக்கத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் நான். உப்பளத்து வேலையில் வீட்டுக்காரருக்கு முழங்கால் போய்விட்டது. வேறு வழியில்லாமல் இந்த ஓலைக் கொட்டகையைப் போட்டோம். எதிரே உங்கள் கடை. கூட்டம் வழிகிறது. முதல் நாள் காலையில் நீங்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு சாலையைத் தாண்டி வருவதைப் பார்த்ததும் சண்டைக்குத்தான் வருகிறீர்கள் என்று நினைத்து அகப்பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். நீங்கள் நேராக என் தண்ணீர்க் குடத்தருகே போனீர்கள். ஒரு டம்ளர் மொண்டு ஒரு வாய் குடித்தீர்கள். வெளியே போய்த் துப்பினீர்கள்.

"ஏம்மா, இந்தத் தண்ணியில சமைச்சா ஒரே மாசத்துல நீயே மூடிட்டுப் போயிடுவ" என்றீர்கள். "எனக்கு நல்லதுதான். ஆனா ஜெயிச்ச மாதிரியே இருக்காது."

சாலைக்கு மேற்கே, உப்பளத்துப் பக்கம் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். அரிசி வேகாது, பருப்பு கல்லாக நிற்கும். சாலைக்குக் கிழக்கே, உங்கள் பக்கம் மணல் மேடு. அங்கே பத்தடியில் இளநீர் மாதிரித் தண்ணீர். உங்கள் கடைக்குப் பின்னால் இருந்த அந்த உறைக்கிணற்றைக் காட்டி, "இங்க வந்து எடுத்துக்க. சமையல்ல மோதிப் பாக்கலாம்" என்றீர்கள். அதற்கப்புறம் நான் வைத்த ஒவ்வொரு உலையும் உங்கள் தண்ணீரில் கொதித்ததுதான். உங்களிடமிருந்து ஆட்களைப் பிடித்த மீன் குழம்பும் உங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பமாட்டார்கள்.

தண்ணீரைச் சும்மா வாங்க எனக்கு ரோஷம். உங்களுக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக ஓடாது. அதனால் தினமும் காலையில் தண்ணீர் எடுக்க வரும்போது உங்கள் கடைக் கரும்பலகையில் அன்றைய பட்டியலை நான் சாக்பீஸால் எழுதிக் கொடுப்பது என்று ஆயிற்று. பரோட்டா, சால்னா, ஆம்லெட், ஞாயிற்றுக்கிழமையானால் பிரியாணி. எதிர்க்கடைக்காரியின் கையெழுத்தில் உங்கள் வியாபாரம் நடந்தது. ஒருநாள் உங்களிடம் பரோட்டா வாங்க வந்த என் அத்தை மகனை நீங்கள் "உங்க எதிர்க்கடைப் புளித்தண்ணியவே குடிடா" என்று கிண்டல் செய்தது காதில் விழ, மறுநாள் பலகையில் அழகாக, கொட்டை எழுத்தில், "இன்று பரோட்டா இல்லை" என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். மத்தியானம் வரை நீங்கள் கல்லுக்கு முன்னால் மாவை வைத்துக்கொண்டு ஆளில்லாமல் நின்றீர்கள். விஷயம் தெரிந்ததும் சாலைக்கு அந்தப் பக்கமிருந்தே கத்தினீர்கள். "ஏம்மா எதிர்க்கடை! நீ நல்லா இருப்பியா?" அதற்கப்புறம் கடைசி வரைக்கும் என் பெயரை நீங்கள் சொன்னதே இல்லை. எதிர்க்கடைதான். "ஏம்மா எதிர்க்கடை, இன்னைக்கி மீன் என்னா?"

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீங்கள் தொழுகைக்குப் போனால் உங்கள் ஆட்கள் இங்கே. மாசி மகத்துக்கு நான் கடலுக்குப் போனால் என் ஆட்கள் அங்கே. நோன்பு மாதத்தில் பகலெல்லாம் உங்கள் பஸ் டிரைவர்கள் என் பெஞ்சில்தான். ஆனால் பத்து மணிச் சோறு மட்டும் எப்போதும் என்னுடையது. அதில் நீங்கள் கை வைத்ததே இல்லை.

பத்து மணிச் சோறு என்றால் வழியில் காரில் போகிறவர்களுக்குப் புரியாது. விடிவதற்கு முன்னால் அளத்தில் இறங்கி உப்பு வாரியவர்களுக்குப் பத்து மணிக்கு மத்தியானம் ஆகிவிடும். அந்த நேரத்துக்கு இட்லி, தோசை எல்லாம் வேலைக்கு ஆகாது. வடித்த சோறு வேண்டும், குழம்பு வேண்டும். கையெல்லாம் உப்பு அரித்து வெடித்திருக்கும். உதட்டில் உப்பு படிந்திருக்கும். அவர்களுக்கு என்று நான் குழம்பில் பாதி உப்புதான் போடுவேன். மீதி உப்பை இலை ஓரத்தில் ஒரு சிட்டிகை வைத்துவிடுவேன். அளத்துக்காரர்கள் அதைத் தொடவே மாட்டார்கள், அவர்கள் விரலிலேயே போதுமான உப்பு இருக்கிறது. கடலுக்குப் போய் வந்தவர்கள் எடுத்துப் பிசைந்துகொள்வார்கள். வெளியூர்க்காரர்கள் பார்த்துப் போட்டுக்கொள்வார்கள். இத்தனை வருடமாக ஒரே குண்டான் குழம்பில் மூன்று வகை ஆளும் சாப்பிட்டது அப்படித்தான்.

பிறகு அந்தக் கிளைக்கடை வந்தது.

உங்கள் கடைக்கு வடக்கே தென்னந்தோப்பை வெட்டி, தரையெல்லாம் ஒன்றுக்குள் ஒன்று பூட்டுகிற சிமெண்ட் கல் பதித்து, ஐம்பது கார் நிற்கிற மாதிரி. சென்னையிலும் இருக்கிறதாம், திண்டிவனத்திலும் இருக்கிறதாம், எல்லா இடத்திலும் ஒரே போர்டு, ஒரே நாற்காலி, ஒரே சட்டை போட்ட பிள்ளைகள். போர்டிலேயே எழுதியிருந்தார்கள், எந்த ஊரிலும் ஒரே சுவை என்று. திறப்பு விழாவன்று பாண்டிச்சேரிக்குப் போகிற காரெல்லாம் அங்கே திரும்பியது. நம் இரண்டு பேர் கடையிலும் ஈ ஓட்டினோம். நாம் மட்டுமா? கூனிமேடு பக்கம் இட்லி போட்டுக்கொண்டிருந்தவர் மூடினார். பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் மூடிவிட்டு, அதே கிளைக்கடையில் கார்களுக்கு விசில் ஊதப் போனார். அவரை விசிலோடு பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்போது நாம் இரண்டு பேரும் பண்ணிய கூத்தை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கண்ணாடிக் கதவு போட்டு ஒரு ஏசி ரூம் கட்டினீர்கள். உங்கள் ஆட்கள் வியர்வையும் ஈரக் கைலியுமாக அதற்குள் போய் நடுங்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். "பாய், குளிருது, வெளியிலயே போடுங்க" என்றார்கள். கடைசியில் அதற்குள் வெங்காய மூட்டையை அடுக்கினீர்கள். தமிழ்நாட்டிலேயே ஏசியில் இருக்கிற வெங்காயம் உங்களுடையதுதான் என்று நான் ஊர் பூராவும் சொல்லிச் சிரித்தேன்.

சிரித்த வாயை மூடுகிற மாதிரி அடுத்த வாரமே நானும் ஒன்று செய்தேன். காரில் வந்த இரண்டு பேர், "குழம்புல உப்பே இல்ல, பக்கத்துல அந்த ஓட்டல்ல எவ்ளோ கரெக்டா இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகக் குத்தியது. மறுநாள் குழம்பில் முழு உப்பையும் போட்டேன். இலை ஓரத்துச் சிட்டிகையை நிறுத்தினேன். பிளாஸ்டிக்கில் உப்பு டப்பாகூட வாங்கி மேஜைக்கு ஒன்று வைத்தேன், அங்கே இருக்கிற மாதிரியே. பத்து மணிக்கு வந்த அளத்துக்காரர்கள் பாதி சாப்பிட்டு எழுந்தார்கள். அடுத்த நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள். மூன்றாம் நாள் நான்கு பேர். ஏன் என்று எனக்கு உறைக்கவே இல்லை, கிளைக்கடை மேல் பழியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றுதான் நீங்கள் முதன்முதலாக என் கடையில் இலை போட்டு உட்கார்ந்தீர்கள். அத்தனை வருடத்தில் ஒரு வாய் தண்ணீரைத் தவிர என் கடையில் எதுவும் வாங்கிச் சாப்பிடாத மனிதர். ஒரு கவளம் பிசைந்து வாயில் வைத்ததும் உங்கள் முகம் மாறிவிட்டது.

"யாருக்கும்மா சமைச்ச இத?"

"ஏன்? எல்லாருக்கும்தான்."

"கார் வரும், போவும். இவங்க நடந்து வர்றாங்க. நடந்து வர்றவங்களுக்குச் சமை."

எனக்குச் சுருக்கென்றது. "நீங்க மட்டும் வெங்காயத்துக்கு ஏசி போட்டீங்களே" என்று திருப்பிக் கொடுத்தேன். "அதான் சொல்றேன். நம்ம ரெண்டு பேருல ஒருத்தருக்குப் பைத்தியம் புடிச்சா போதும்" என்றீர்கள். இரண்டு பேரும் சிரித்தோம். நான் அழுதுகொண்டே சிரித்தேன். மறுநாள் உப்பு டப்பாக்களை உங்கள் வெங்காய ரூமில் கொண்டுவந்து போட்டேன். அந்த வாரமே நீங்கள் கண்ணாடிக் கதவைக் கழற்றினீர்கள்.

நீங்கள் அந்தக் கிளைக்கடையில் போய்ச் சாப்பிட்டதையும் நான் பார்த்தேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்து வெள்ளிக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு போனீர்கள். எங்கே போய்ச் சாப்பிட்டாலும் சமையல்கட்டு வரை போய்ச் சமைத்தவருக்குச் சலாம் சொல்லிவிட்டு வருவது உங்கள் வழக்கம். குவைத்தில் அடுப்படியில் நின்ற காலத்தில் ஒருவரும் உங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை என்பதால் பிடித்துக்கொண்ட பழக்கம் அது. வெளியே வந்த உங்களை மடக்கிப் பிடித்து, "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டேன்.

"பொய் சொல்லக் கூடாது, சாம்பார் நல்லா இருந்துச்சு. யாரு வச்சாங்க, ஒரு சலாம் சொல்லணும்னு கேட்டேன். வேன்ல வருதாம்மா. எங்கியோ பெரிய கிச்சனாம், அங்கேர்ந்து வேன்ல வருதாம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்னா, வேனுக்குச் சலாம் சொல்லிட்டு வந்தேன்."

உண்மையில் அவர்கள் சமையல் மேல் எனக்குப் பெரிய கோபம் கிடையாது பாய். ஏசியில் உட்கார்ந்து சாப்பிட ஆசைப்படுகிறவர்களும் மனிதர்கள்தான். குழந்தையோடு வருகிறவர்களுக்குச் சுத்தமான கக்கூஸ் அங்கேதான் இருக்கிறது. என் கடையில் இல்லை. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தனம் அக்காவை அவர்கள் வாசலில் நிறுத்தினார்களே, அதை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். தலையில் உப்புக் கூடை சுமந்து சுமந்து உச்சந்தலையில் முடி தேய்ந்துபோன மனுஷி. ஒருநாள் அவசரத்துக்குக் கக்கூஸ் போகக் கேட்டிருக்கிறாள். காவலுக்கு நின்றவன் அவள் காலைப் பார்த்துவிட்டு, "தரையெல்லாம் உப்பாவுது, இப்படி வராதீங்க" என்று சொல்லிவிட்டான். அவன் பேரிலும் தப்பில்லை, மேலே இருக்கிறவன் சொன்னதைச் சொன்னான். அவர்கள் மேஜையில் டப்பா டப்பாவாக இருக்கிற உப்பு யார் கால் பட்டு வந்தது என்று அந்த மேலே இருக்கிறவனுக்குத் தெரியுமா?

தனம் அக்கா நம் இரண்டு பேரிடமும் சொல்லிக்கொண்டே அழுதாள். அன்று சாயங்காலமே உங்கள் கடை வாசலில் இரண்டு பெரிய டிரம் நிறைய நல்ல தண்ணீர் வைத்து, பக்கத்தில் ஒரு மக்கும் கட்டித் தொங்கவிட்டீர்கள். பின்பக்கத்துக் கக்கூஸ் பூட்டை எடுத்துவிட்டீர்கள். கால் கழுவப் போய் நல்ல தண்ணீரை வீணாக்குகிறாரே என்று நான் முணுமுணுத்தேன். உங்கள் காதில் விழுந்தது. "இவங்க கால் படறது தரைக்குக் கௌரவம்மா" என்றீர்கள்.

சாலையை அகலப்படுத்தி நடுவில் மீடியன் என்று தடுப்புச் சுவர் கட்டினார்களே, அப்போது தண்ணீர் நின்றுவிடும் என்று பயந்தேன். தள்ளுவண்டியைக் கொண்டுபோக வேண்டுமென்றால் அரை மைல் தள்ளிப் போய்த் திரும்ப வேண்டும். முட்டி போன என் வீட்டுக்காரர் எத்தனை நடை நடப்பார்? மறுநாள் காலையில் பார்த்தால் நீங்கள் மீடியனுக்கு அந்தப் பக்கம் கேன்களோடு நிற்கிறீர்கள். தூக்கி இந்தப் பக்கம் கொடுக்கிறீர்கள், என் வீட்டுக்காரர் வாங்கி வைக்கிறார். லாரிக்காரன் ஹாரன் அடித்தால், "போடா, போ, சோத்துக்குத் தண்ணி" என்று கையை ஆட்டுகிறீர்கள். பள்ளிக்கூடப் பஸ்ஸில் போகிற பிள்ளைகள் உங்களுக்கு டாட்டா காட்டும். எழுபதை நெருங்குகிற மனுஷன், எதிர்க்கடைக்காரிக்குத் தண்ணீர் சுமந்தவர். கடைசி நாள் காலையிலும் பதினோரு கேன் தூக்கிக் கொடுத்தீர்கள். மத்தியானம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான்.

அதற்கப்புறம் எட்டு மாதம் உங்கள் கடை பூட்டியே இருந்தது. பக்கவாட்டுக் கதவின் சாவியை மட்டும் உங்கள் மகன் என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் குவைத்திலிருந்து லீவில் வந்தான். அவனோடு கிளைக்கடையிலிருந்து டை கட்டிய இரண்டு பேர் வந்து உங்கள் இடத்தை டேப் பிடித்து அளந்தார்கள். நான் கைகூடத் துடைக்காமல் மீடியனைத் தாண்டி ஓடினேன்.

"என்னா தம்பி இது?"

"அத்தை, கார் பார்க்கிங்குக்குக் கேக்கறாங்க. பத்து வருசக் குத்தகைக்கு எழுதிக் கேக்கறாங்க." என் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "நான் என்னா பண்றது? எனக்குப் பரோட்டா போடத் தெரியாது. ரெண்டு பொண்ணுங்க இருக்குது. எத்தினி நாளைக்கி அங்கியே கெடக்கறது?"

"கெணறு?"

அவன் கிணற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டான். "அதுமேலதான் ஜெனரேட்டர் வைக்கப் போறாங்களாம். எங்க அத்தைக்குத் தண்ணி மட்டும் விட்டுடுங்கன்னு கேட்டுப் பாத்தேன். முடியாதுன்ட்டாங்க."

நான் கத்தினேன். உங்கள் பெயரைச் சொல்லி, கேட்கக் கூடாததெல்லாம் கேட்டேன். "உங்க அத்தா இருந்திருந்தா இப்படிச் செய்வியா?" என்றேன். "அத்தா இருந்திருந்தா நான் ஏன் இதுக்கு வரப் போறேன் அத்தை?" என்று சொல்லிவிட்டு அவன் தேம்பித் தேம்பி அழுதான். அதற்குமேல் அவனை என்ன கேட்பது? உங்கள் மூக்கு, உங்கள் நெற்றி அவனுக்கு. அவன் மேல் எனக்கு வருத்தம் உண்டு, பகை இல்லை. இதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதற்கப்புறம் கிளைக்கடை மேனேஜர் என் கடைக்கு வந்தார். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினார். "அக்கா, உங்க மீன் கொழம்பு இந்த ரோட்ல ஃபேமஸ்னு சொல்றாங்க. எங்க கிச்சனுக்கு வந்துடுங்க. யூனிஃபார்ம், பி.எஃப். எல்லாம் உண்டு. கொழம்பு ரெசிப்பிய மட்டும் எழுதிக் குடுத்தீங்கன்னா எல்லா பிராஞ்சுலயும் போடலாம்."

"எழுதிக்கங்க தம்பி" என்றேன். அவர் நிஜமாகவே செல்போனை எடுத்து எழுதத் தயாரானார். "மொதல்ல, அன்னைக்கி கடல்ல என்னா கெடைச்சுதோ அந்த மீன். அப்புறம், யாரு சாப்புட வர்றாங்களோ அவங்க மூஞ்சியப் பாத்து உப்பு. இத எந்த வேன்ல ஏத்துவீங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "தண்ணிக்கு என்னாக்கா பண்ணுவீங்க?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார். அவர் மிரட்டவில்லை. இருந்தாலும் அவர் போனதும் ஒரு நாளைக்கு எத்தனை கேன் வேண்டும் என்று விரல் விட்டு எண்ணினேன்.

போன வாரத் திங்கட்கிழமை கிணற்றை மூடினார்கள். இரண்டு லாரி மண். என் வீட்டுக்காரர் மீடியன் ஓரம் காலி கேன்களோடு நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கூப்பிட்டும் வரவில்லை.

அன்று என் பக்கத்துப் போர்வெல் உப்புத் தண்ணீரிலேயே உலை வைத்தேன். வேறு என்ன செய்வேன்? சோறு நறுக்கு நறுக்கென்று நின்றது. குழம்பு கரித்தது. பத்து மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். தனம் அக்கா ஒரு வாய் வைத்துவிட்டுக் கையை இலையிலேயே நிறுத்தினாள்.

"தண்ணிக்கு என்னா ஆச்சு பாப்பா?"

எதிர்ப்பக்கம் கையைக் காட்டினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். உங்கள் கடைக்குப் பின்னால் புது மண் குவியல். அந்த உப்புச் சோற்றை ஒரு பருக்கை மீதி வைக்காமல் சாப்பிட்டு எழுந்தார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். விடிந்ததிலிருந்து உப்பிலேயே நின்ற ஜனத்துக்கு உப்பையே சோறாகப் போட்டேனே என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். வெளியே வந்து வீட்டுக்காரரிடம், "நாளைக்கி அடுப்பு பத்த வைக்க வேணாம். முடிஞ்சு போச்சு" என்று சொன்னேன். இருபத்திரண்டு வருடத்தில் என் வாயில் அந்த வார்த்தை வந்தது அன்று ஒருநாள்தான்.

செவ்வாய்க்கிழமை விடியும்போது வாசலில் தட் தட்டென்று சத்தம். யாரோ கொட்டகையைப் பிரிக்கிறார்களோ என்று பதறி எழுந்து வந்தேன். தனம் அக்கா ஒரு கேனை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பின்னால் இன்னொருத்தி. அதற்குப் பின்னால் இரண்டு ஆண்கள், சைக்கிளில் ஆளுக்கு இரண்டு. எண்ணெய் வந்த கேன், பெயிண்ட் வந்த வாளி, பிளாஸ்டிக் குடம், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகிற பாட்டில்கூட ஒன்று இருந்தது. அளத்தில் குடிக்கத் தண்ணீர் கிடையாது என்று தினமும் வீட்டிலிருந்து சுமந்து போகிறவர்கள் அவர்கள். அன்று அதற்கு மேலும் எனக்காகச் சுமந்து வந்திருந்தார்கள்.

"என்னாக்கா இது, இத்தினி தூரம்..." என்றேன்.

"சும்மா இரு" என்றாள் தனம் அக்கா. "உப்பே தலையில தூக்கறோம், தண்ணி தூக்கறது ஒரு வேலையா? நீ மூடிட்டா பத்து மணிக்கி நாங்க எங்க போயித் துன்றது? அவன் கடையிலயா? எங்க காலப் பாத்தா அவனுக்குத் தரை அழுக்காவுதாம்." போகிற போக்கில் திரும்பி, "கொழம்புல உப்பு பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு அளத்தில் இறங்கினாள்.

அன்று கை நிறைய அரிசி அள்ளிப் போட்டேன் பாய். வழக்கத்தைவிட இரண்டு படி அதிகம். பத்து மணிக்குச் சோறு மல்லிகைப் பூவாக மலர்ந்து நின்றது. அவர்கள் சாப்பிடும்போது நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். டை கட்டியவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

இன்றோடு பன்னிரண்டு நாள். ஒருநாளும் கேன் வராமல் இருந்ததில்லை. நேற்று மீனவர் குப்பத்திலிருந்து ஒருவர் டிரம்மில் கொண்டுவந்து இறக்கினார், கேட்டதற்கு, "அளத்துக்காரங்க மட்டும்தான் துன்றாங்களா?" என்று என்னிடமே கோபித்துக்கொண்டார். மழைக்காலம் வந்து அளம் மூடினால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கவலைப்படுகிறார். எனக்கும் தெரியாது. அப்போது பார்த்துக்கொள்வேன். பஞ்சாயத்தில் குழாய் கேட்டு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், முப்பத்தெட்டுப் பேர் கையெழுத்தும் கைநாட்டும். தரமாட்டார்கள் என்றால் மறுபடியும் எழுதுவேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

இந்தத் தண்ணீர் ஒவ்வொரு வீட்டில் ஒவ்வொரு மாதிரி. ஒரு தெருவில் கொஞ்சம் துவர்ப்பு, இன்னொரு தெருவில் கொஞ்சம் கனம். எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் ஊற்றுகிறேன். அதனால் என் சோறு நேற்று இருந்த மாதிரி இன்று இல்லை, இன்று மாதிரி நாளை இருக்காது. எந்த ஊரிலும் ஒரே சுவை என்று எழுதி வைத்திருக்கிறவர்கள் எதிரே இருக்கட்டும். இன்று என் உலையில் யார் யார் வீட்டுத் தண்ணீர் கொதித்தது என்று கேட்டால் ஒவ்வொரு பெயராக என்னால் சொல்ல முடியும்.

உங்கள் கிணறு போய்விட்டது, சுவரும் இன்றோடு போய்விட்டது. உங்களுடையது என்று என்னிடம் மிச்சமிருப்பது எதிரே ஆள் நின்றால் ஒதுங்கத் தெரியாத இந்தப் புத்தி ஒன்றுதான். இருபத்திரண்டு வருடம் எதிரில் நின்று நீங்கள் பழக்கியது. நீங்கள் நல்ல எதிரி பாய். இவர்கள் உங்கள் கால்தூசிக்கு வரமாட்டார்கள். உங்களையே சமாளித்தவள் நான்.

நாளைக்குக் கானாங்கெளுத்தி சொல்லியிருக்கிறேன். அரிசி ஊற வைக்க நேரமாகிவிட்டது.

உங்கள் எதிர்க்கடை